பூசணிக்காய் மோட்டலின் கதை, ஷாமினிக்கு

ஷாமினிம்மா,

இதை உட்கார்ந்து படி. வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், ஒரு கையில் கார் சாவியை வைத்துக்கொண்டு படிக்கிற கடிதம் இல்லை இது. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று உனக்குத் தோன்றும். போனில் சொன்னால் நடுவில் நீ ஏதாவது கேட்பாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். பதினெட்டு வருடமாக அப்படித்தான் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். தாளில் எழுதினால் அது முடியாது பார். லாபு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும் படித்ததும், மோட்டல் கவுண்டரில் உட்கார்ந்து வாரப் பத்திரிகைகளைப் படித்ததும்தான் என் தமிழ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். பிழையைப் பற்றித்தான் எழுதவும் போகிறேன்.

போன சனிக்கிழமை காலை நீ கூப்பிட்டபோது நான் மூன்றாம் நம்பர் அறையில் இருந்தேன். தங்கியிருந்தவர்கள் அப்போதுதான் கிளம்பியிருந்தார்கள். படுக்கை விரிப்பை உருவிக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். உன் அப்பா குளியலறைக்குள் ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியாது. கல்யாண மண்டபத்து அலங்காரம், மாலை, தினேஷ் வீட்டிலிருந்து எத்தனை பேர் அம்பாங்கானிலிருந்து வருவார்கள் என்றெல்லாம் பேசிவிட்டு, கடைசியில்தான் அதைச் சொன்னாய்.

“அம்மா, தாரை வாத்துக் குடுக்க மாமாவும் அத்தையும் உக்காரட்டும். தப்பா நெனைக்காத. பதிமூணு வயசுலேருந்து அவங்கதானே வளத்தாங்க. அப்பாதானே என்னைய வேணாம்னு அனுப்பிவிட்டாரு.”

நான் “ம்” என்றேன். போனை வைத்ததும் உன் அப்பா வெளியே வந்தார். கை ஈரமாக இருந்தது. “அவ சொல்றதுல ஞாயம் இருக்குலா. மச்சானே உக்காரட்டும்,” என்றார். திரும்ப உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். சற்று முன்னால்தான் மாட்டிய புது வாஷரைக் கழற்றி, திரும்பவும் அதையே மாட்டிக்கொண்டிருந்தார்.

அதனால்தான் எழுதுகிறேன். நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை மட்டும் பிய்த்துத் தனியாகச் சொன்னால் உனக்கு விளங்காது. இந்த மோட்டல் நமக்கு எப்படி வந்தது, எனக்கு அது என்னவாக இருந்தது என்பதிலிருந்து சொல்ல வேண்டும். அம்மா வளவளவென்று எழுதுகிறாளே என்று பக்கத்தைத் தள்ளிவிடாதே.

தோட்டக் கம்பெனிக்குப் போர்ட்டிக்சன் கடற்கரையில் ஒரு பங்களா இருந்தது. மானேஜர்மார் குடும்பத்தோடு வந்து சில நாள் தங்கிப் போவதற்கு. உன் அப்பா அப்போது லாபு தோட்டத்தில் லாரி டிரைவர். அந்தப் பங்களாவுக்கு மெத்தை, கேஸ், தண்ணீர்த் தொட்டி என்று எது போனாலும் அவர் லாரியில்தான் போகும். போன இடத்தில் சும்மா நிற்கத் தெரியாத மனுஷர். குழாய் ஒழுகினால் அடைப்பார், கதவு பிடித்தால் இழைப்பார். நான் அங்கே ரப்பர் எடுக்கப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். பதினாறு வயதில் என் அம்மாவோடு வேலைக்குப் போனவள், உன்னைச் சுமந்த ஏழாம் மாதம் வரைக்கும் வெட்டினேன். காலையில் பெயர் கூப்பிடும்போது கணக்கெழுதும் கிராணி என் பெயரைச் சொல்லவே மாட்டார். “டிரைவர் பொண்டாட்டி” என்பார். நானும் “இருக்கேன்யா” என்பேன். அதில் அவமானம் இருக்கிறது என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது.

வருடத்துக்கு ஒருமுறை, கோயில் திருவிழா முடிந்த பிறகு, தோட்டத்து ஜனங்கள் லாரியில் ஏறிக் கடலில் குளிக்கப் போவோம். குளித்து முடித்தால் உடம்பெல்லாம் உப்பு. பங்களா வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குழாய் இருக்கும். அதைத் திறக்கக் காவல்காரர் விடமாட்டார். லாபு போய்ச் சேரும்வரை பிள்ளைகள் சொறிந்துகொண்டே அழும். அந்த லாரியை ஓட்டியதும் உன் அப்பாதான்.

உனக்கு நாலு வயதாகும்போது தோட்டத்தை வீடு கட்டுவதற்கு விற்றுவிட்டார்கள். லயத்து ஜனங்கள் நீலாய்ப் பக்கமும் சிரம்பான் பக்கமும் பிரிந்து போனார்கள். பங்களாவை இரும்புக்கடை வைத்திருந்த ஒரு சீன முதலாளித் தவுக்கே வாங்கினார். வாங்கியவருக்கு அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. பின்னால் வேலைக்காரர்களுக்கான நீள வீடு, முன்னால் பெரிய வீடு, எல்லாம் பூட்டிக் கிடந்தது. உன் அப்பா நேராக அவர் கடைக்குப் போனார். “அந்த வீட்டுல எந்தக் குழாய் எங்க ஓடுது, எந்த ஒயரு எங்க போவுதுன்னு ஒங்களுக்குத் தெரியாது தவுக்கே. எனக்குத் தெரியும். வாடகைக்குக் குடுங்க, நான் ஓட்டிக் காட்டறேன்,” என்று மலாயில் சொன்னாராம். தவுக்கே அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்து சாவிக்கொத்தைத் தள்ளினாராம். இவர் வீட்டுக்கு வந்து என் மடியில் அதைப் போட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. படிக்காத இரண்டு பேர் மோட்டல் நடத்துவதா என்று அன்று முழுக்க அவரோடு நான் பேசவில்லை.

பெயர் வைத்த கதையை நீ சின்ன வயதில் எத்தனையோ முறை கேட்டுச் சிரித்திருக்கிறாய். ‘லாபு மோட்டல்’ என்று வைக்க வேண்டும், தோட்டம்தான் போய்விட்டது, பெயராவது இருக்கட்டும் என்றார் அப்பா. போர்டு எழுதுகிறவருக்கு லாபு என்ற ஊர் தெரியவில்லை. மலாயில் லாபு என்றால் பூசணிக்காய்தானே, எழுத்துக்குப் பக்கத்தில் இவ்வளவு பெரிய பூசணிக்காய் ஒன்றை மஞ்சளும் சிவப்புமாக வரைந்து கொண்டுவந்துவிட்டார். அப்பா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அழிக்க மனசு வரவில்லை, அப்படியே மாட்டினோம். வந்த மலாய்க் குடும்பங்கள் எல்லாம் பூசணிக்காய் எங்கே என்று கேட்கத் தொடங்கினார்கள். பக்கத்தில் நாசி லெமாக் சோற்றுக்கடை வைத்திருந்த மலாய்க்கார அக்காதான் அதற்கு ஒரு வழி செய்தார். வாரக் கடைசியில் பூசணிக்காயைத் தேங்காய்ப்பாலில் காய்ச்சி இனிப்பாக ஒரு பானை கொடுத்துவிடுவார். கவுண்டரில் வைத்தால் மத்தியானத்துக்குள் பானை காலி.

வேலை தொடங்கிய முதல் வாரம் நான் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தேன். இவர் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கு முன்பே வேலிக்கு வெளியே, ரோட்டோரமாக ஒரு குழாய் போட்டார். கடலில் குளித்துவிட்டு வருகிற யாரும் திறந்து கழுவிக்கொள்ளலாம். தங்க வந்தவர்களாக இருக்க வேண்டும் என்றில்லை. வாசலெல்லாம் மணலாகிறது என்று நான் எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். “மணல கூட்டிரலாம்,” என்பார். கூட்டுவது நான்.

முதலில் வந்து தங்கியவர் கோலப்பிலாவிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒரு மலாய் ஆசிரியர். கவுண்டருக்கு முன் வந்து நின்று, “அறை இருக்கிறதா மேடம்?” என்று கேட்டார். நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன், மேடம் யார் நிற்கிறார்கள் என்று. யாருமில்லை. என்னைத்தான் கேட்டிருக்கிறார். ஷாமினி, இதை நீ சாதாரணமாகப் படித்துக் கடந்து போகாதே. ‘டிரைவர் பொண்டாட்டி’ என்று கூப்பிடப்பட்டவளுக்கு அந்த ஒரு சொல் என்ன செய்தது என்று உன்னால் நினைத்துப் பார்க்க முடியாது. அன்றிலிருந்து தினமும் காலையில் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, இஸ்திரி போட்ட உடுப்பு உடுத்தித்தான் கவுண்டரில் உட்கார்ந்தேன். உப்புக்காற்றில் கதவுக் கீல் துருப்பிடிக்கும், ஏர்கோன் சாகும், கூரைத் தகரம் ஓட்டையாகும். அப்பா ஒவ்வொன்றாகச் சரி செய்வார். நான் ஆறு அறைக்கும் விரிப்பு துவைத்து, சவுக்கு மரங்களுக்கு நடுவே கட்டிய கொடியில் காயப் போடுவேன். கை வெந்து போகும். ஆனாலும் அது என் இடம். வாழ்க்கையில் முதன்முதலாக எனக்கென்று இருந்த இடம்.

இப்போது சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

உன் பதிமூன்றாவது பிறந்தநாளுக்கு ஸ்கூல் தோழிகள் ஆறு பேரைக் கூப்பிட்டிருந்தாய். அப்பா சவுக்கு மரங்களில் பலூன் கட்டினார். நான் கேக்குக்குச் சொல்லி, மீஹூன் சேமியா பிரட்டி வைத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மழையால்தான் வரவில்லை என்று உன்னிடம் சொன்னேன், நீயும் நம்பினாய். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியின் அம்மாவைப் பார்த்தேன். நல்ல பெண்மணிதான். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

“தப்பா எடுத்துக்காதீங்கக்கா. ஒங்க பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா மோட்டல்ல வளர்ற புள்ள. அது கண்ணுல என்னென்னா படுதோ. எங்க வீட்டுல ஒத்துக்க மாட்டேங்கறாங்க.”

அந்தக் கடற்கரையில் மணிக்கணக்கில் அறை விடுகிற இடங்களும் இருந்தன. உன் அப்பா ஒருநாளும் அப்படி விட்டதில்லை. காற்று வாங்கும் மாதங்களில் ஆறு அறையும் சும்மா கிடந்தபோதுகூட, அப்படிக் கேட்டு வந்தவர்களை வாசலோடு அனுப்பியிருக்கிறார். அதை அந்த அம்மாவிடம் நான் சொல்லியிருக்கலாம். இடுப்பில் கை வைத்துக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. உன்னை நினைத்து இல்லை, உன் அப்பாவை நினைத்தும் இல்லை. மேடம் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவளை யாரோ சட்டென்று பழைய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது போலிருந்தது. வீட்டுக்கு வந்ததும் சிரம்பானை ஒட்டிய ரஹாங்கில் இருக்கும் என் தம்பிக்கு, உன் மாமாவுக்குப் போன் போட்டேன். உன்னை அங்கே அனுப்பி, சிரம்பானில் படிக்க வைக்கலாமா என்று கேட்டேன். உன் மாமாவுக்கும் அத்தைக்கும் பிள்ளை இல்லை. அத்தை சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். எல்லாம் முடிவான பிறகுதான் உன் அப்பாவிடம் சொன்னேன்.

அவர் காற்றாடியைக் கழற்றித் தரையில் பரப்பி வைத்திருந்தார். கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

“புள்ளைய அனுப்பிட்டு இத யாருக்கு நடத்தறது?”

“அவ நல்லதுக்குத்தான்.”

“அப்ப மூடிருவோம். சாவிய தவுக்கேகிட்ட குடுத்துட்டு நான் திரும்ப லாரி ஓட்டறேன். நீயும் நானும் அவளும் எங்கயாச்சும் ஒரு ரூம்ல இருந்துக்கலாம்.”

“நீங்க லாரி ஓட்டுவீங்க. நான் என்னா செய்யறது? மறுபடியும் மரம் வெட்டப் போவவா?”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். அழுதேன். இந்த இடத்தை விட்டு நான் வரமாட்டேன் என்று சொன்னேன். அவர் திருப்புளியை எடுத்துக் காற்றாடியைப் பூட்ட ஆரம்பித்தார்.

புரிகிறதா பாப்பா? உன்னை வைத்துக்கொண்டு மோட்டலை விடலாம் என்று அவர் சொன்னார். மோட்டலை வைத்துக்கொண்டு உன்னை அனுப்பலாம் என்று நான் சொன்னேன். நடந்தது நான் சொன்னது.

நீ கிளம்பிய நாளை நீ மறந்திருக்க மாட்டாய். பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு. உன் பெட்டி வேனில் ஏறிவிட்டது. நீ கதவைப் பிடித்துக்கொண்டு ஏறாமல் நின்றாய். “யாரு சொன்னா நான் போவணும்னு?” என்று கேட்டாய். நான் படியில் நின்றுகொண்டிருந்தேன், கை நிறையத் துவைத்த துண்டுகள். அப்பா என்னைப் பார்த்தார். நான் துண்டுகளைப் பார்த்தேன்.

“நான்தான் பாப்பா சொன்னேன்,” என்றார்.

“ஏன்?”

“பொம்பளப் புள்ள மோட்டல்ல வளரக் கூடாது.”

அது என் பேச்சு. முந்தின மாதம் முழுக்க நான் அவரிடம் சொல்லிச் சொல்லிச் சண்டை போட்ட அதே வார்த்தைகள். அவர் வாயிலிருந்து அதைக் கேட்டதும் நீ அவரை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு வேனில் ஏறி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். எனக்கு மட்டும் கையாட்டினாய். போகும் வழியெல்லாம் நீ அவர் முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை என்று திரும்பி வந்து சொன்னார். அதை ஒரு குறையாகக்கூடச் சொல்லவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். போர்டிலேயே பூசணிக்காயை மாட்டி வைத்திருந்த நான் அதையும் செய்தேன். அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு பரீட்சை முடியட்டும் என்று. பிறகு நீ வேலைக்குப் போகட்டும் என்று. நாள் போகப் போக வேறொன்றும் நடந்தது, அதைச் சொல்லத்தான் எனக்குக் கை கூசுகிறது. நீ ரஹாங்கிலிருந்து போன் செய்வாய். அப்பா எடுத்தால் “அம்மாகிட்ட குடுங்க” என்பாய். என்னோடு ஒரு மணி நேரம் பேசுவாய். “நீ மட்டும்தாம்மா எனக்கு” என்று ஒருநாள் சொன்னாய். எனக்கு அது பிடித்திருந்தது ஷாமினி. அவர் பக்கத்திலேயே தலையணை உறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படியும் எனக்கு அது பிடித்திருந்தது.

உனக்குத் தெரியாத இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை மோட்டலில் ஆள் குறைவு. சோப்பு, பிளீச் வாங்கப் போகிறேன் என்று அப்பா புதன்கிழமைதோறும் சிரம்பானுக்கு வேன் எடுப்பார். லுக்குட்டிலேயே அதெல்லாம் கிடைக்கும். உன் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் எதிர்ப்பக்கம், ஒரு கடை வரிசையில் வேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார். நீ தோழிகளோடு பேசிக்கொண்டே நடந்து போவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். “இன்னிக்கு ரெட்டை ஜடை,” என்பார் என்னிடம். “இன்னிக்கு இருமிக்கிட்டே போனா. மச்சானுக்குப் போன் போட்டுச் சொல்லு.” நீ பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் முடிக்கும் வரைக்கும் இது நடந்தது. ஒருமுறைகூட இறங்கி உன்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் உன் முகம் மாறிவிடும் என்று பயம்.

இன்னொன்று. பள்ளி விடுமுறைக்கு நீ வரும்போதெல்லாம் கடலைப் பார்த்த ஒன்றாம் நம்பர் அறையில்தான் தங்குவாய். அந்த விடுமுறை மாதத்தில்தான் நமக்குக் கூட்டமே. கோலாலம்பூரிலிருந்து ஆட்கள் அந்த ஒரு அறைக்காக இரண்டு மாதம் முன்னாலேயே கேட்பார்கள். அது எப்படி நீ வரும்போது மட்டும் காலியாக இருந்தது என்று நீ யோசித்ததே இல்லை, நானும் சொன்னதில்லை. பின்பக்கம் ஓர் அறை போதுமே என்று நான் சொன்னபோது, “அவ இங்க விருந்தாளி மாரி ஆயிட்டா. நல்ல ரூமாச்சும் குடுப்போம்,” என்றார்.

நீ இன்னொரு வீட்டுக்குப் போகப் போகிறாய். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், எடுத்துக்கொள்வதும் விடுவதும் உன் இஷ்டம். மோட்டல் நடத்துகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் சிரித்த முகம் காட்டிவிட்டு, களைத்துப்போன முகத்தை வீட்டு மனிதர்களுக்கு வைத்துக்கொள்வோம். வேலைக்குப் போகிற உனக்கும் அது வரும். அந்தச் சிரித்த முகத்தைக் கொஞ்சம் தினேஷுக்காகவும் மிச்சம் பிடித்து வை. அந்தப் பையன் பேச்சு குறைவானவன் என்று போன தடவை வந்தபோது கவனித்தேன். நீ உடைத்த கண்ணாடித் தம்ளரைத் தான் உடைத்ததாக என்னிடம் சொன்னான். நீ ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தாய். உனக்காகப் பழியைத் தூக்கிக்கொள்கிற ஆள் கிடைப்பது பெரிய கொடுப்பினை. ஆனால் அதை அவன் தோளில் விட்டுவைக்காதே. அன்றைக்கே இறக்கி வாங்கிக்கொள். ஒரு நாள் விட்டால் அடுத்த நாள் கஷ்டம், ஒரு வருடம் விட்டால் அவன் தோளுக்கே அது பழகிவிடும். உனக்கும் பழகிவிடும், அதுதான் இன்னும் மோசம்.

நீ போன் செய்த மறுநாள் நான் பஸ் ஏறி ரஹாங்குக்குப் போனேன். உன் அத்தை கல்யாணப் பட்டுச்சேலையை விரித்துக் காட்டினாள். தாரை வார்த்துக் கொடுக்க உட்காருவதற்கென்றே எடுத்ததாம், கத்தரிப்பூ நிறம். அவள் முகத்தில் அவ்வளவு பூரிப்பு. அவள் உள்ளே போன பிறகு உன் மாமா என்னிடம் மெதுவாகப் பேசினான். அவனுக்கு அன்றே எல்லாம் தெரியும்.

“நான் உக்காரத் தயாருக்கா. என் மக மாரிதான் அவ. தாய்மாமன் சீர் எப்படியும் நான்தான் செய்யப் போறேன். ஆனா அவ அப்பாவோட எடத்துல ஒரு பொய்யி மேல என்னைய உக்காரச் சொல்லாத.”

“நீயே அவகிட்ட சொல்லேன்,” என்றேன். அறுபது வயதிலும் எனக்கு ஒளிந்துகொள்ள ஓர் ஆள் வேண்டியிருக்கிறது பார்.

“நான் சொன்னா கோள் மூட்டற மாரி இருக்கும். நீ சொல்லணும்க்கா.”

திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னேன், எழுதப் போகிறேன் என்று. அவருக்கு வந்ததே கோபம். இத்தனை வருடத்தில் அவர் குரல் உயர்த்தி நான் கேட்டது இரண்டோ மூன்றோ முறைதான்.

“எதுக்கு இப்ப? கல்யாணத்துக்கு மூணு வாரம் இருக்கு. என்மேல கோவிச்சிக்கறது அவளுக்குப் பழகிப் போச்சு. எனக்கும் பழகிப் போச்சு. ஒம்மேல புதுசா ஒரு கோவத்த அவ எங்க தூக்கிக்கிட்டுப் போவா? கல்யாணப் பொண்ணு.”

“ஒங்களுக்கு ஆசையா இல்லையா, அவ கையப் புடிச்சிக் குடுக்கணும்னு?”

அவர் எழுந்து ரோட்டோரம் போனார். அங்கே யாரோ ஒரு குடும்பம் பிள்ளைகளின் காலைக் கழுவிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு ரப்பர் குழாயை இழுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றார். முதுகைப் பார்த்தே எனக்குப் பதில் தெரிந்தது.

நான் உன்னிடம் கெஞ்சவில்லை ஷாமினி. மணமேடையில் யார் உட்கார வேண்டும் என்பது நீ எடுக்கிற முடிவு. அத்தையின் மனசும் நோகக் கூடாது, அவள் உன்னைத் தன் வயிற்றில் பிறந்த மாதிரிதான் வளர்த்தாள், அதில் ஒரு சொல் குறையில்லை. யார் உட்கார்ந்தாலும் நான் முன்வரிசையில் நின்று பூப்போடுவேன். நீ தெரியாமல் முடிவெடுக்கக் கூடாது, அவ்வளவுதான். உன் பதிமூன்று வயதில் உனக்குத் தெரியாமல் ஒரு முடிவு எடுத்தேன். அது போதும். என்மேல் உனக்குக் கோபம் வரும், வர வேண்டும். கொஞ்ச நாள் போன் செய்யாமல்கூட இரு. நான் தாங்கிக்கொள்வேன். அந்த மனுஷர் பதினெட்டு வருடம் தாங்கியிருக்கிறார்.

இன்று மத்தியானம் இதுவரைக்கும் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்குத் தெரியாமல் இன்னொரு காரியம் செய்ய எனக்கு மனமில்லை. கிழிக்கச் சொல்வார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டார். புதன்கிழமைக் கதை வந்தபோது மட்டும், “அதெல்லாம் எதுக்கு எழுதற,” என்று முனகினார். முடித்ததும் மடியிலிருந்த கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, “ஒரு எடத்துல தப்பா எழுதியிருக்க,” என்றார்.

“எங்க?”

“வழியெல்லாம் மொகத்தப் பாக்கல, பேசலன்னு எழுதியிருக்கியே. ஒங்கிட்ட நான் அன்னிக்கு முழுசா சொல்லல. லுக்குட் தாண்டனதும் அவ தூங்கிட்டா. தல வந்து என் தோள்ல சாஞ்சிருச்சு. கியர் மாத்துனா கை ஆடும், எந்திரிச்சிருவாளேன்னு மூணாவது கியர்லயே போனேன். பின்னால காரெல்லாம் ஹாரன் அடிச்சிக்கிட்டே வந்தானுங்க. ரஹாங் திரும்பற எடம் வந்துச்சு, நான் திரும்பல. நேரா போயி ஊரைச் சுத்திக்கிட்டு மறுபடியும் வந்தேன். மூணு சுத்து. அதையும் எழுது.”

நான் பேனாவை எடுத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மிச்சத்தைச் சொன்னார்.

“மச்சான் வீட்டு வாசல்ல நிறுத்தித்தான் எழுப்புனேன். கண்ணத் தொறந்து, ‘வந்துட்டோமாப்பா?’ன்னு கேட்டா. அதுக்கப்புறம்தான் அவளுக்குக் கோவம் ஞாபகம் வந்துச்சு.”

உன்
அம்மா